இரண்டு ஹாரன்

ஆயிரத்து நூற்று நாற்பது பேரைக் காப்பாற்றிய குற்றத்துக்காக எனக்கு அடையாள அட்டை தர மறுத்தார்கள். அதில் ஒருவர்கூட நிஜ ஆள் இல்லை. ஆனால் கோபம் நிஜம். இதை எழுதும்போதும் அது இறங்கவில்லை. பெரும்பகுதி என்மேலேயே என்பதால் இறங்க இடமும் இல்லை.

என் பெயர் கஸ்பார் கொரேரா. தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் 'ஸ்டெல்லா' என்ற லாஞ்சுக்கு ஸ்ராங்கு. லாஞ்ச் ஓட்டும் கேப்டனை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கேப்டன் என்றால் வெள்ளை உடுப்பு போட வேண்டும்; ஸ்ராங்கு என்றால் டீசல் படிந்த பனியன் போதும். லைசென்ஸ் வாங்கி இருபத்திரண்டு வருஷம். இதுவரை இரண்டு தடவைதான் மோதியிருக்கிறேன். இரண்டு தடவையும் துறைமுகச் சுவர்தான் வழி விடவில்லை.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. கரையைப் பிடிக்கும்போது என்ஜினை ஒரு படகு நீளம் முன்னாலேயே அணைத்துவிடுவேன். மிச்சத் தூரத்தை நீரோட்டமே கொண்டுவந்து சேர்க்கும். அணைத்த கையோடு குட்டையாக இரண்டு ஹாரன். விதிப்படி ஒன்றுதான். இரண்டாவது என் மனைவி மெற்றில்டாவுக்கு. வீடு கடற்கரைச் சாலைக்குப் பின்னால். இரண்டு கேட்டால் உலையில் அரிசி போடுவாள். நான் லாஞ்சைக் கட்டி, கை கழுவி, வீட்டுக்கு நடந்து போகையில் சோறு வடித்திருக்கும். செயற்கைக்கோள், சிப்பு என்று என்னென்னவோ வந்துவிட்டது. இதைவிட நம்பகமான தகவல் தொடர்பை நான் பார்க்கவில்லை.

கரையிலிருந்து பத்து மைலில் மின்தீவு இருக்கிறது. மிதக்கும் காற்றாலைகள், கடல்நீரைப் பிளந்து எரிவாயு எடுக்கும் கூடங்கள், அதற்குள்ளே நூறு இருநூறு பேர். காலையில் ஆட்களையும் காய்கறியையும் அங்கே கொண்டுபோவதும், மத்தியானம் ஷிப்ட் முடிந்தவர்களைத் திருப்பிக்கொண்டு வருவதும் ஸ்டெல்லாவின் வேலை. போன வருஷம் எங்கோ தூரத்து நாட்டில் இப்படியொரு மின்தீவில் யாரோ குண்டு வைக்க முயன்றார்களாம். உடனே எங்கள் தீவைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குச் சிவப்பு மிதவைகளை வளையமாகப் போட்டார்கள். ஒரே ஒரு வாசல். அந்த வாசலைத் தவிர வேறு எந்த இடத்திலும், எந்தக் காரணத்துக்காகவும், கோட்டைத் தாண்டக் கூடாது. கோடு போட்டவர்கள் வரைபடத்தில் போட்டார்கள். கடலில் அது நேராகச் சங்குப் படுகை மேல் விழுந்தது. சங்கு குளிப்பவர்கள் மூழ்கும் இடம் பாதி வெளியே, பாதி உள்ளே.

அத்தோடு ஏப்ரல் ஒன்றாம் தேதி முதல் அந்தப் பக்கம் போகும் கேப்டன்கள் எல்லோரும் கடல் பாதுகாப்பு அட்டை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு. நீல அட்டை என்று பேராகிவிட்டது. அது இல்லையென்றால் என் லைசென்ஸைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். தேதியைப் பார்த்து, முட்டாள்கள் தினத்துக்கு யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். அதுவும் பாதி சரிதான்.

அட்டை கொடுக்கும் கடல் பாதுகாப்பு முகமை அலுவலகத்தில் சுகிர்தா என்ற அதிகாரி. முப்பது வயதிருக்கும். அவள் கழுத்தில் இரண்டு அட்டை தொங்கியது. அவளையும் நம்பாத யாரோ மேலே இருந்திருக்கிறார்கள்.

முதலில் கைரேகை. இயந்திரத்தில் பத்து விரலையும் வைத்தேன். கயிறு இழுத்து இழுத்து ரேகையெல்லாம் போய் வழுக்கையாகிவிட்ட விரல்கள். "விரல் கண்டறியப்படவில்லை" என்றது இயந்திரம். பத்து விரலையும் அதன் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினேன். சுகிர்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளங்கை நரம்பைப் படம் எடுத்தாள்.

பிறகு படிவம். 'பணியில் குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்' என்று ஒரு கட்டம். நான் எதிர்பார்த்து வந்ததே அதைத்தான். பையைத் திறந்து ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தேன். பங்குச் சாமியார் திருவிழா மேடையில் கொடுத்த கேடயம். பத்திரிகைத் துணுக்குகள். எந்த வருஷம், எந்த இடம், எத்தனை பேர் என்று நானே கைப்பட எழுதிய பட்டியல்.

"இதெல்லாம் என்ன சார்?"

"துணி பார்த்துப் போனதும்மா."

அவள் கரையோரத்தவள் இல்லை, உள்நாட்டுக்காரி. விளக்க வேண்டியிருந்தது. எங்கள் கடலில் படகுக்கு ஆபத்து என்றால் துடுப்பில் சட்டையையோ கைலியையோ கட்டித் தூக்கிக் காட்டுவார்கள். அதைப் பார்த்தவன் வலை கடலில் கிடந்தாலும் விட்டுவிட்டுப் போயே ஆக வேண்டும். காட்டுகிறவன் ஜென்ம விரோதியாக இருந்தாலும் சரி. கரைக்கு வந்த பிறகு விரோதத்தைத் தொடரலாம், அதற்குத் தடையில்லை. துணி பார்த்தும் போகாதவன் என்று பேர் வாங்கினால் அந்த வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள்.

"பதினேழு தடவை போயிருக்கேன். நாப்பத்தோரு பேரு" என்றேன். என் முகத்தில் அப்போது ஒரு பெருமை இருந்திருக்கும். நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே ஒன்று போடலாம் போலிருக்கிறது.

அவள் எல்லாவற்றையும் கவனமாக ஸ்கேன் செய்துகொண்டாள். அடுத்த மூன்று நாள் ஒரு கூண்டுக்குள் உட்கார வைத்தார்கள். சுற்றிலும் திரைக் கடல், முன்னால் நிஜமான சுக்கான் சக்கரம், தலையில் ஒயர் வைத்த தொப்பி. புயலில் ஓட்டச் சொன்னார்கள், பனியில் ஓட்டச் சொன்னார்கள், கப்பல் கூட்டத்துக்கு நடுவே ஓட்டச் சொன்னார்கள். ஒன்றிலும் மோதவில்லை. திரையில் சுவர் இல்லை.

நாலாம் நாள் முடிவு.

"சார், உங்களைப் போலவே முடிவெடுக்கிற ஒண்ண நாங்க செஞ்சிருக்கோம்" என்றாள் சுகிர்தா. "உங்க லாஞ்சோட இருபத்திரண்டு வருஷப் பயணப் பதிவு, வயர்லெஸ்ல நீங்க பேசினது, இந்த மூணு நாள் ஓட்டினது எல்லாம் சேர்த்து. நிழல்னு சொல்லுவோம். அதைப் பத்தாயிரம் தடவை கடலுக்கு அனுப்பிப் பார்த்தோம். கம்ப்யூட்டருக்குள்ளதான்."

"நல்லா ஓட்டுச்சா?"

"ரொம்ப நல்லா. ஆனா அதுல ஆயிரத்து நூத்தி நாப்பது தடவை சிவப்புக் கோட்டுக்கு உள்ள ஒரு ஆள் தத்தளிக்கிற மாதிரி வச்சிருந்தோம். அத்தனை தடவையும் நீங்க உள்ள போயிட்டீங்க."

"அத்தனை பேரையும் தூக்கிட்டேனா?"

"தூக்கிட்டீங்க."

"அப்ப நூத்துக்கு நூறு!"

"பூஜ்யம் சார்."

கொஞ்ச நேரம் எனக்குப் புரியவில்லை. அவள் திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "துணியைக் காட்டினா ஒரு கேப்டன் கோட்டைத் தாண்டுவார்னா, கெட்டவன் முதல்ல செய்யறது துணியைக் காட்டுறதுதான். அதான் அவங்க வாதம். உள்ள ஆபத்துன்னா கட்டுப்பாட்டு அறைக்கு அறிவிக்கணும், காத்திருக்கணும். அவங்க மீட்புப் படகு அனுப்புவாங்க."

"எவ்வளவு நேரத்துல?"

"நாப்பது நிமிஷம்னு போட்டிருக்கு."

"நாப்பது நிமிஷத்துல பிணமே ஊதிரும்மா."

அவள் என் பட்டியலைத் திருப்பித் தந்தாள். பதினேழு நிகழ்வுக்கும் எதிரே சிவப்பில் ஒரே சொல் அச்சாகியிருந்தது: 'தடம் விலகல்'. நானே என் கையால் எழுதிக் கொடுத்த வாக்குமூலம். கேடயத்தைச் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொள்ளாததுதான் பாக்கி.

"திருத்தப் பயிற்சி இருக்கு சார். பதினோரு நாள். அதுல தேறிட்டா அட்டை."

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மெற்றில்டா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன பயிற்சியாம்?"

"சும்மா உக்காந்திருக்க பயிற்சி."

"அதுக்கு எதுக்குப் பதினோரு நாளு? உங்களுக்கு அது பிறவியிலேயே வருமே."

அவளிடம் முழுசாகச் சொல்லவில்லை. கூண்டுக்குள் என்ன நடந்தது என்று உங்களிடமாவது சொல்கிறேன். சிவப்பு மிதவைக்கு அப்பால் ஒரு துணி எழும்பும். நான் வயர்லெஸ்ஸை எடுத்து அறிவிக்க வேண்டும். பிறகு சக்கரத்தைத் தொடாமல் இருக்க வேண்டும். துணி இறங்கும் வரை. கண்ணை மூடினால் தொப்பி கண்டுபிடித்துவிடும், மறுபடி முதலிலிருந்து. முதல் இரண்டு நாளும் உள்ளே போய்விட்டேன். மூன்றாம் நாள் கையைத் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்தேன். நாலாம் நாள் ஜெபமாலை சொன்னேன். மாலையில் இரண்டாவது பத்து மணிகள் உருண்டு முடிவதற்குள் ஆள் போய்விடுவான். ஐந்தாம் நாள் கூண்டை விட்டு வெளியே வந்து சுவரில் குத்தினேன். சுவர்களுக்கும் எனக்கும் ஆகாது என்பதுதான் தெரியுமே.

ஒன்பதாம் நாள் திரையில் ஒரு பச்சைச் சட்டை ஆடிக்கொண்டிருந்தபோது, இன்றைக்கு வீட்டில் சாளைக் குழம்பு என்ற நினைப்பு வந்தது. வாயில் எச்சில் ஊறியது. சட்டை இறங்கியது.

"வாழ்த்துகள் சார்" என்றாள் சுகிர்தா. தலை குனிந்தே சொன்னாள்.

அட்டை வந்தது. நீல நிறம். புகைப்படத்தில் நான் தேடப்படும் ஆள் போலவே இருந்தேன். பின்பக்கம் எறும்பெழுத்தில் நாற்பது நிபந்தனைகள். படிக்கவில்லை. நீங்கள் படிப்பீர்களா?

மே மாதம் ஆளில்லாக் காவல் படகுகள் வந்தன. பன்னிரண்டு. சாம்பல் நிறம், முதுகில் எண், ஓட்டுவதற்கு ஆள் கிடையாது. கோட்டுக்குப் பக்கத்தில் வரும் வள்ளங்களை ஆட்டுக்குட்டியை விரட்டுவதுபோல் விரட்டும். சார்ஜ் ஏற்ற மட்டும் மத்தியானத்தில் பழைய துறைமுகத்துக்கு வரும்.

ஒருநாள் மேடையில் இடம் காலியாகட்டும் என்று வெளியே காத்திருந்தபோது ஸ்டெல்லாவின் லஸ்கர் இசக்கிமுத்து என் தோளைத் தட்டினான். கயிறு கட்டுவதிலிருந்து டீ வாங்குவதுவரை பதினாறு வருஷமாக என்னோடு இருக்கிறவன்.

"அண்ணாச்சி, அந்த ஒம்பதாம் நம்பரப் பாருங்க."

ஒன்பதாம் எண் படகு மேடைக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு படகு நீளம் இருக்கும்போதே என்ஜின் நின்றது. நீரோட்டத்தில் சரிந்து, டயரில் மெத்தென்று சாய்ந்தது. குட்டையாக இரண்டு ஹாரன்.

"உங்க தம்பியாட்டம் வருது" என்றான் இசக்கி.

"என்னைவிட நல்லாக் கட்டுதுல" என்றேன். எல்லாப் படகும் அப்படித்தான் பழக்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மூளையைக் கூண்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

வீட்டில் சோறு குழைந்திருந்தது. "ஒரு மணி நேரம் முன்னாடியே ரெண்டு அடிச்சியளே, எங்க போய்ச் சுத்திட்டு வாரிய?" என்று மெற்றில்டா சத்தம் போட்டாள்.

அந்த நாள் ஜூன் மாதத்தில் வந்தது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. காலை ஒன்பது மணி. ஆட்கள் இல்லை, காய்கறியும் குடிநீர்க் கேன்களும்தான். மிதவைக் கோட்டை ஒட்டி வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம்.

"அண்ணாச்சி, துணி!" இசக்கி கத்தினான்.

"உள்ளயா வெளியவா?"

இருபத்திரண்டு வருஷத்தில் அப்படியொரு கேள்வியை நான் கேட்டதில்லை. துணிக்கு ஏது உள்ளும் வெளியும். இசக்கி என்னைத் திரும்பிப் பார்த்தான், என் குரலில் வேறு யாரோ பேசியதுபோல.

உள்ளேதான். நானூறு மீட்டர் இருக்கும். கவிழ்ந்த வள்ளத்தின் அடிப்பக்கம் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு தலைகள். ஒருவன் துடுப்பைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். நுனியில் மஞ்சள் பனியன். அந்த மஞ்சளை எனக்குத் தெரியும். சங்கு குளிக்கும் ராயப்பன். என்னைப் பார்த்தாலே "ஏல கொரேரா, இன்னைக்கு எந்தச் சுவத்துல முட்டின?" என்று கேட்கிறவன். கூட இருந்தது அவன் மச்சினன் மிக்கேல். என்ஜின் நின்றுபோய், காற்று தள்ளி, கோட்டுக்குள் போயிருக்கிறார்கள்.

என் கை வயர்லெஸ்ஸை எடுத்தது. "கட்டுப்பாட்டு அறை, ஸ்டெல்லா. தென்கிழக்கு மிதவைக்கு உள்ள ஒரு வள்ளம் கவுந்து கிடக்கு. ரெண்டு பேரு. துணி காட்டுறாங்க."

"அறிவிப்பு பெறப்பட்டது. காத்திருக்கவும்."

காத்திருந்தேன்.

"என்ன அண்ணாச்சி நிக்கிறிய? திருப்புங்க!" இசக்கி சக்கரத்தில் கை வைத்தான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். ரொம்ப அமைதியாகத் தட்டிவிட்டேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பயந்து நின்றேன் என்றால் மனுஷன். அட்டை போய்விடுமே என்று கணக்குப் பார்த்து நின்றேன் என்றாலும் கேடுகெட்ட மனுஷன். எனக்குள் ஒன்றுமே நடக்கவில்லை. கூண்டுக்குள் இருப்பதுபோல் இருந்தது. துணி இறங்கும், தொப்பியைக் கழற்றுவார்கள், வீட்டுக்குப் போகலாம்.

இசக்கி லாஞ்சில் மாட்டியிருந்த உயிர்காப்பு வளையத்தை எடுத்து வீசினான். நானூறு மீட்டருக்கு. அது முப்பது மீட்டரில் விழுந்தது. பிறகு அவன் அழுதுகொண்டே என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். பதினாறு வருஷத்தில் அதுவும் முதல் தடவை.

வடக்கிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்று வந்தது. ஒன்பதாம் எண். அலைக்கு மேல் குதித்துக் குதித்து, அதன் வேகத்துக்கு மிஞ்சி வந்தது. வெளியே ரோந்து போய்க்கொண்டிருந்த படகு, கோட்டின் மேலேயே ஏறித் தாண்டியது. மிதவை ஒன்றை அறுத்துக்கொண்டு போனது. காற்று வரும் பக்கமாக வளைந்து, அவர்களுக்கு மறைவு கொடுத்து, ஒரு படகு நீளத்தில் என்ஜினை அணைத்தது. அப்படியே சரிந்து அவர்கள்மேல் போய்ச் சாய்ந்தது. தண்ணீரில் கிடப்பவனிடம் என்ஜின் ஓடிக்கொண்டே போகக் கூடாது. நான் எப்போதும் அப்படித்தான் போவேன்.

இரண்டு ஹாரன் கேட்டது.

அது வந்து சேரப் பதினோரு நிமிஷம். நான் போயிருந்தால் இரண்டு. ராயப்பன் அதன் பக்கவாட்டு டயரைப் பிடித்துக்கொண்டான். மிக்கேல் எட்டாவது நிமிஷத்திலேயே கையை விட்டிருந்தான்.

அடக்கத்தன்று நான் கல்லறை வாசலுக்கு வெளியே நின்றேன். வெளியே நிற்பதில்தான் தேறியவனாயிற்றே. மெற்றில்டா உள்ளே போனாள். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. இசக்கி அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டு, என்னிடம் சொல்லாமல் வேலையை விட்டும் போய்விட்டான். கூட்டம் கலையும்போது ராயப்பன் நேரே என்னிடம் வந்து கட்டிப்பிடித்தான்.

"ஏல, உன்னாலதான்ல நான் நிக்கேன்."

"நான் வரல ராயப்பா."

"பொய் சொல்லாத. கண்ணுல உப்புத் தண்ணி, ஒண்ணும் தெரியல. ஆனா ரெண்டு ஹாரன் கேட்டேன். கொரேரா வந்துட்டாம்னு மிக்கேல்ட்ட சொன்னேன். அவன் அதுக்கு முன்னாடியே..." என் முதுகைத் தட்டினான். "நீ என்ன பண்ணுவ, தூரத்துல இருந்திருப்ப."

தூரத்தில் இருந்தேன் என்று சொன்னால் அது பொய். பக்கத்தில் இருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

மறுவாரம் முகமையிலிருந்து கடிதம் வந்தது. என் பெயர், என் அட்டை எண். குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில், 'தாங்கள்' தடைசெய்யப்பட்ட எல்லைக்குள் அத்துமீறி நுழைந்து அரசு உடைமையான மிதவை ஒன்றைச் சேதப்படுத்தியது ஏன் என்று ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு சுகிர்தாவிடம் போனேன். போன வேகத்தில் அலுவலகக் கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டேன். அது சுவர் கணக்கில் சேராது.

"யாரு உள்ள போனா? நானா? நான் மரம் மாதிரி நின்னேன்மா! நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே நின்னேன்! ஒரு ஆள் செத்துட்டான்!"

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அந்தப் படகுகள் கேப்டன்களோட நிழல்லதான் ஓடுது சார். அட்டைக்குப் பின்னாடி முப்பத்தோராவது நிபந்தனை. நிழலை முகமை பயன்படுத்திக்கலாம், அது செய்யறதுக்கு அட்டைக்காரர் பொறுப்பு."

"அப்ப இந்தப் பரீட்சையெல்லாம்?"

"பரீட்சையும்தான். ஆனா படகு ஓட்ட ஆளும் வேணுமே. சம்பளமில்லாத ஆளு."

"சரி, என் நிழலைத்தான் நீங்க திருத்திட்டீங்களே. அது ஏன் போச்சு?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "திருத்தின நிழல்களைப் படகுல போட்டுப் பார்த்தாங்க சார். ஒண்ணுகூட ஒழுங்கா ஓடல. மேடையில கட்ட வந்தா நிக்குது, யோசிக்குது. அலை வந்தா நிக்குது. எதிர்ல படகு வந்தா அறிவிச்சிட்டுக் காத்திருக்குது. எதை எடுத்தோம்னு யாருக்கும் தெரியல, ஆனா அதோட கடலும் சேர்ந்து போயிருச்சு. அதனால திருத்தறதுக்கு முன்னாடி எடுத்த பழைய நிழல்களையே படகுக்கு ஒண்ணாப் போட்டு, மேல ஒரு பூட்டு மட்டும் போட்டாங்க. உங்க ஒம்பதாம் நம்பர் பூட்டை உடைச்சிருச்சு."

நல்ல சரக்கைப் படகில் போட்டுவிட்டு, மிச்சத்தை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த மிச்சம் மெற்றில்டாவின் சோற்றைத் தின்றுகொண்டிருக்கிறது.

"பயப்படாதீங்க சார், சுலபமான வழி இருக்கு" என்றாள். "ஸ்டெல்லாவோட பதிவுல நீங்க கோட்டுக்கு வெளிய அசையாம நின்னது தெளிவா இருக்கு. அதை இணைச்சு, நான் விதிப்படி நடந்தேன், நிழல்லதான் குறைன்னு எழுதிக் கொடுங்க. அட்டை பத்திரம்."

"நிழலு?"

"குறையுள்ளதுன்னா அழிச்சிருவாங்க."

"நான்தான் போகச் சொன்னேன்னு எழுதினா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க வயர்லெஸ்ல பேசினது எல்லாப் படகுக்கும் கேட்கும். உத்தரவா சொன்னேன்னு நீங்களே எழுதினா, அது ஆளோட தப்பு. படகுல குறை இல்லன்னு கோப்பை மூடிருவாங்க. புது நிழல் வாங்கறதைவிட அவங்களுக்கு அதுதான் லாபம். ஆனா உங்க அட்டை போயிரும். லைசென்ஸும் போகலாம்."

"ஒரு பேனா கொடும்மா."

எழுதினேன். ஸ்டெல்லாவிலிருந்து நான் வயர்லெஸ்ஸில் சொன்னது செய்தியல்ல, உத்தரவு. ஒன்பதாம் எண் படகு என் சொல்படியே உள்ளே போனது. படகில் குறையில்லை. கஸ்பார் கொரேரா, ஸ்ராங்கு.

படித்துவிட்டு சுகிர்தா கேட்டாள், "இது பொய்தானே சார்?"

"பாதி."

"எந்தப் பாதி நிஜம்?"

"கடைசி வரி."

அவள் அதற்கு முத்திரை போட்டாள். அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். கையில் தூக்கிப் பார்த்தாள், வைத்தாள். எழுந்து வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள், மறுபடியும் முட்டிக்கொள்வேன் என்று நினைத்திருக்கலாம்.

இப்போது வீட்டு முற்றத்தில் வள்ளங்களின் என்ஜின் பழுது பார்க்கிறேன். ராயப்பன் தன்னுடையதைக் கொண்டுவந்து போட்டிருக்கிறான். அன்று நின்றுபோன அதே என்ஜின். கார்புரேட்டரில் ஒரு துண்டுப் பாசி. அவ்வளவுதான். உண்மையை அவனிடம் இன்னொரு தடவை சொன்னேன், இந்த முறை தூரத்தையும் சேர்த்து. அவன் "அப்ப வந்தது யாருல?" என்றான். நான் ஸ்பேனரைத் தேடினேன். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. என்ஜின் இங்கேயே கிடக்கிறது.

நேற்று மத்தியானம் துறைமுகத்திலிருந்து ஹாரன் கேட்டது. குட்டையாக, இரண்டு.

மெற்றில்டா எழுந்து போய் உலையில் அரிசி போட்டாள்.

"நான் இங்கதான இருக்கேன்" என்றேன்.

"உங்களுக்குன்னு யாரு சொன்னா?" என்றாள்.

சோறு வெந்ததும் எனக்கும் ஒரு தட்டு வைத்தாள்.